தொலைந்த நாயும் கச்சான் காற்றும்

2024 ஜூலையில் கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டம், நிப்பாணிக்குப் பக்கத்தில் உள்ள யமகர்ணி என்ற ஊரில் ஒரு நாய்க்கு மாலை போட்டு விருந்து வைத்தார்கள். நாயின் பெயர் மகராஜ். ஜூன் கடைசியில் ஊர்க்காரர் ஒருவர் ஆஷாட ஏகாதசிக்காகப் பண்டரிபுரத்துக்குப் பாதயாத்திரை கிளம்பியபோது அதுவும் பின்னாலேயே போயிருக்கிறது. பஜனை பாடிக்கொண்டு போன கூட்டத்தோடு ஏறக்குறைய 250 கிலோமீட்டர் நடை. விட்டலனைத் தரிசித்துவிட்டு வெளியே வந்து பார்த்தால் நாயைக் காணோம். வேறொரு கூட்டத்தோடு போய்விட்டது என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். தேடிச் சலித்து, ஜூலை 14 அன்று அவர் மட்டும் ஊர் திரும்பினார். மறுநாள் மகராஜ் வாசலில் வாலாட்டிக்கொண்டு நின்றது.

பாண்டுரங்கன்தான் வழிகாட்டினான் என்பது அந்த ஊரின் முடிவு. அதில் நாம் தலையிட வேண்டாம். ஆனால் ஒரு நாயின் மூக்கும் காதும் மூளையும் இப்படிப்பட்ட பயணத்தை எவ்வளவு தூரம் தாங்கும் என்று கேட்டுப் பார்க்கலாம். அப்படிக் கேட்பதற்கு இராமேஸ்வரம் தீவைப் போல வசதியான இடம் குறைவு. இரண்டு பக்கமும் கடல், ஒற்றைச் சாலை, பருவம் தவறாமல் திசை மாறும் காற்று, காலடியில் தடம் பதியும் மணல். போதாததற்குப் பூமியின் காந்த நடுக்கோடும் பக்கத்தில்தான் போகிறது. அதற்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பாதயாத்திரைக் கூட்டத்தோடு நாய் சேர்ந்துகொள்வது புதிதல்ல. 2019 அக்டோபர் 31 அன்று திருமலையிலிருந்து சபரிமலைக்குக் கிளம்பிய 13 ஐயப்ப பக்தர்களோடு ஒரு தெருநாய் ஒட்டிக்கொண்டது. சிக்கமகளூர் மாவட்டத்துக் கொட்டிகெஹாராவை அவர்கள் எட்டியபோது அது 480 கிலோமீட்டர் நடந்திருந்தது. நிதானமாக நகரும் கூட்டம், வேளாவேளைக்குச் சோறு, விரட்டாத மனிதர்கள் என்றால் நாய்க்கு வேறென்ன வேண்டும்? மகராஜின் கதையில் நாம் கவனிக்க வேண்டிய முதல் செய்தி இந்த நடைதான். அது காரிலோ ரயிலிலோ பண்டரிபுரம் போகவில்லை. திரும்பி வந்த வழியைப் போகும்போதே தன் நான்கு காலால் அளந்திருந்தது.

இராமேஸ்வரத்தில் இப்போது நடப்பது இதற்கு நேர்மாறு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு, முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் பல காலம் மணலில் நடந்தோ வேனில் குலுங்கியோதான் போக முடிந்தது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தார்கள். இன்று குடும்பங்கள் காரில் நாயையும் ஏற்றிக்கொண்டு நேராக முனைக்கே வந்து இறங்குகின்றன. கதவு திறந்ததும் கடலையும் மணலையும் பார்த்த நாய் தலைதெறிக்க ஓடுகிறது. அலை இரைச்சலிலோ கூட்டத்திலோ மிரண்டு ஓடினால், அதற்குத் திரும்பிப்போக நடந்த பாதை என்று எதுவுமே இல்லை. அது கடைசியாக மோப்பம் பிடித்த சொந்த மண் மதுரையிலோ திருச்சியிலோ இருக்கிறது.

மூக்கிலிருந்து தொடங்குவோம். நமக்கு ஒரே காற்று மூச்சுக்கும் மோப்பத்துக்கும் போகிறது. நாய்க்கு அப்படியில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரென்ட் கிரேவனும் கேரி செட்டில்ஸும் நாயின் மூக்கு அறைகளை ஸ்கேன் செய்து காற்றோட்டத்தைக் கணித்தார்கள். உள்ளே போகும் காற்று நாசிக்குள்ளேயே இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு நுரையீரலுக்குப் போய்விட, இன்னொரு பங்கு மூக்கின் பின்பகுதியில் சுருள்சுருளாக மடிந்த எலும்பறைகளுக்குப் போய் அங்கேயே தங்கி வாசனை உணரிகளின் மீது படிகிறது. வெளிவிடும் மூச்சு நாசியின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் பின்னோக்கிப் போவதால், முன்னால் இருக்கும் வாசனையை அது கலைப்பதில்லை. நொடிக்கு ஐந்து தடவை வரை இப்படி உறிஞ்சும். மனித மூக்கில் சில மில்லியன் வாசனை உணரிகள் உண்டு. நாய்க்கு இருநூறு மில்லியனுக்கும் மேல்.

எண்ணிக்கையைவிட எனக்கு வியப்பு தருவது வேறொன்று. ஆள் நடந்துபோன தடத்தைக் குறுக்கே சந்திக்கும் நாய்க்கு, ஆள் எந்தப் பக்கம் போனார் என்பது எப்படித் தெரியும்? தடம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே மணக்கும்? நார்வே ஆய்வாளர்கள் 1993இல் இதைச் சோதித்தார்கள். பயிற்சி பெற்ற நாய்கள் தடத்தைத் தொட்டதும் சற்று நிதானித்து, சில அடிகளை முகர்ந்து, சரியான திசையில் கிளம்பிவிட்டன. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பீட்டர் ஹெப்பரும் டெபோரா வெல்ஸும் 2005இல் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். நாய்க்குத் தேவைப்பட்டவை ஐந்து காலடிகள். முதல் காலடிக்கும் ஐந்தாவதுக்கும் இடையே ஓரிரு நொடிதான் வித்தியாசம். அந்த இடைவெளியில் வாசனை எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதை ஒப்பிட்டு, எது பழசு எது புதுசு என்று நாய் கண்டுகொள்கிறது.

கருவாடு காயும் களத்தில் இதெல்லாம் நடக்குமா என்று இராமேஸ்வரம் தீவின் பாம்பன், தங்கச்சிமடம்காரர்கள் கேட்பார்கள். நடக்கும். நமக்குக் கருவாட்டு வாடை வந்தால் மற்றதெல்லாம் மறைந்துவிடுகிறது. நாய்க்கு ஒரு மணத்துக்குள் இருக்கும் பல மணங்கள் தனித்தனியாகத் தெரியும். கருவாட்டுக் களத்தில் நாய் தொலைந்தால் அதற்கு மூக்கைக் குறை சொல்ல முடியாது. அது வயிற்றின் வேலை.

ஆனாலும் மோப்பம் மட்டும் மகராஜைக் கொண்டுவந்து சேர்த்திருக்காது. ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்த சாலையில், மழைக்காலத்தில், பல நாள் பழைய தடத்தைப் பிடித்து 250 கிலோமீட்டர் வருவது நடவாத காரியம். ஆகவே நாயின் மூளைக்குள் வேறு கருவிகளும் இருக்க வேண்டும். பிரான்சில் 1987இல் வெளியான ஒரு சோதனையில் அல்சேஷன் நாய்களை ஒரு திறந்தவெளியில் கயிற்றோடு அழைத்துப்போய், உணவு இருக்கும் இரண்டு இடங்களைத் தனித்தனி வழியில் காட்டினார்கள். பிறகு அவிழ்த்துவிட்டார்கள். முதல் இடத்துக்குப் போய்த் தின்ற நாய், தொடங்கிய இடத்துக்குத் திரும்பாமல், தான் ஒருபோதும் நடக்காத குறுக்குவழியில் இரண்டாவது இடத்துக்குப் போனது. 1998இல் இன்னொரு பிரெஞ்சுக் குழு நாய்களின் கண்ணையும் காதையும் மூடி, ‘ட’ வடிவத்தில் திருப்பி நடத்தி விட்டுப் பார்த்தது. அப்போதும் கிளம்பிய புள்ளி எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று அவை ஓரளவு சரியாகவே திரும்பின. காலும் உள்காதும் சேர்ந்து, திரும்பிய கோணத்தையும் நடந்த தூரத்தையும் கூட்டிக்கொண்டே வருகின்றன. தரையைக் காணாமல் நடுக்கடலில் தோணி செலுத்திப் போகும் பழைய தண்டல்கள் இந்தக் கணக்கைத்தான் மனதில் போட்டார்கள். தூரம் கூடக்கூடப் பிழையும் கூடும் என்பது இரண்டு பேருக்கும் பொது.

இனி காந்தம். செக் நாட்டின் பிராகா நகரிலுள்ள உயிர் அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கத்தெரினா பெனெடிக்தோவாவும் ஹினெக் புர்தாவும் 2014 முதல் 2017 வரை 27 வேட்டை நாய்களின் கழுத்தில் ஜிபிஎஸ் கருவியையும் கேமராவையும் கட்டிக் காட்டுக்குள் ஓடவிட்டார்கள். 600க்கும் மேற்பட்ட ஓட்டங்களின் முடிவை 2020இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 60 சதவீத ஓட்டங்களில் நாய்கள் போன வழியையே மோப்பம் பிடித்துத் திரும்பின. மூன்றில் ஒரு பங்கு ஓட்டங்களில் பழைய தடத்தை விட்டுவிட்டுப் புதிய வழியில் வந்தன. அப்படிப் புதிய வழி தேர்ந்தவற்றில் பெரும்பாலானவை, திரும்பக் கிளம்பும் முன் சுமார் 20 மீட்டர் தூரம் வடக்கு-தெற்காக ஓடின. உரிமையாளர் நின்ற திசை கிழக்கோ மேற்கோ, அதைப் பற்றிக் கவலையில்லை. இந்தச் சிறு ஓட்டத்தை ஓடியவை ஓடாதவற்றைவிட நேர்வழியில் வந்து சேர்ந்தன. மனத்தில் இருக்கும் வரைபடத்தை நாய் இப்படித் திசைகாட்டியோடு பொருத்திக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இதே புர்தாவின் குழு 2013இல், நாய்கள் மலம் கழிக்கும்போது காந்தப்புலம் அமைதியாக இருந்தால் வடக்கு-தெற்காக உட்காருகின்றன என்று எழுதி, மறு ஆண்டு இக் நோபல் வாங்கியது. சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. அந்த உட்காரும் ஆய்வின் கணக்குகளில் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. தரவுகளைப் பலவிதமாகப் பிரித்துப் பார்த்த பிறகே முடிவு தென்பட்டது. 20 மீட்டர் ஓட்டம் அதைவிடக் கனமான சான்று. ஆனாலும் அது ஒரே நாட்டுக் காட்டில் ஓடிய நாய்களின் சான்று என்பதை மறக்கக் கூடாது.

மறக்கக் கூடாததற்கு இராமேஸ்வரமே காரணம். செக் நாட்டில் பூமியின் காந்தக் கோடுகள் தரைக்குள் செங்குத்தாகப் பாய்வதுபோலச் சரிந்து இறங்குகின்றன. சரிவு 60 பாகைக்கு மேல். நம் தென்கோடியில் அவை ஏறக்குறையத் தரையோடு படுத்துக்கிடக்கின்றன. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போவதால்தான் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வகம் வைத்திருக்கிறது. விக்ரம் சாராபாய் ராக்கெட் ஏவத் தும்பாவைத் தேர்ந்ததும் இதே காரணத்தால்தான். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியபோது, இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் அந்தச் சிறு குழுவில் ஒருவர்.

நாய்க்கு வருவோம். ஐரோப்பிய ராபின் பறவையின் காந்த உணர்வை ஜெர்மனியின் வில்ச்கோ தம்பதி 1972இல் விளக்கினார்கள். அந்தப் பறவைக்கு வடதுருவம் தென்துருவம் என்ற பேதம் தெரியாது. காந்தக் கோடு தரையை நோக்கி எந்தப் பக்கம் சரிகிறது என்பதே அதற்குத் திசை. கண்ணில் உள்ள கிரிப்டோகுரோம் என்ற புரதம் இதற்கு உதவுவதாகக் கருதப்படுகிறது. அதே வகைப் புரதம் நாயின் விழித்திரையிலும் இருப்பதை 2016இல் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சரி, கோடே சரியாமல் படுத்துக்கிடக்கும் இராமநாதபுரத்தில் இந்தக் கருவி என்ன செய்யும்? வடக்கு-தெற்கு என்ற அச்சு தெரியலாம். எது வடக்கு, எது தெற்கு என்று பிரித்துச் சொல்ல அதற்கு வழியில்லை. இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஜாம்பியாவில் மண்ணுக்குள் வாழும் ஒருவகை எலி, நம் கைத்திசைகாட்டி போலவே துருவத்தைப் பிரித்தறிகிறது என்று 1997இல் கண்டவர்களில் இதே புர்தாவும் ஒருவர். நாயின் கருவி அந்த எலியினுடையதைப் போல என்றால் தனுஷ்கோடியிலும் வேலை செய்யும். ராபினுடையதைப் போல என்றால் தடுமாறும். உச்சிப்புளிப் பக்கம் பத்து நாய்க்கு ஜிபிஎஸ் கட்டி ஓடவிட்டால் பிராகாவில் தீராத கேள்வி இங்கே தீர்ந்துவிடும். எந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவராவது இதை எடுத்துச் செய்தால் நன்றாக இருக்கும்.

மகராஜ் விஷயத்தில் என் தீர்ப்பு இது: நடந்துபோன வழியின் நினைவும், அதே சாலையில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த வாரகரிகளின், அதாவது பண்டரிபுர யாத்திரிகர்களின், கூட்டமும், வழியெல்லாம் கிடைத்த சோறும் சேர்ந்து கொண்டுவந்து விட்டிருக்கும். காந்தம் வரை போக அவசியமே இல்லை. காரில் கொண்டுபோகப்பட்டுத் தொலைந்து, பிறகு வீடு திரும்பிய நாய்களும் உலகத்தில் உண்டு. 1923இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் தொலைந்த பாபி என்ற நாய், 1924 பிப்ரவரியில் ஓரிகனிலிருந்த தன் வீட்டுக்கு, சுமார் 4,000 கிலோமீட்டர் தாண்டி வந்து சேர்ந்தது. அதற்கு ஆறு மாதம் ஆயிற்று. நூறு வருஷமாக அந்த ஒரு கதையையே உலகம் திரும்பத் திரும்பச் சொல்கிறது என்பதிலிருந்து, அப்படித் திரும்புவது எவ்வளவு அரிது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே நாய் தானாக மதுரைக்கு வந்துவிடும் என்று நம்பிக் கிளம்புவது மடத்தனம். தொலைந்த இடத்திலேயேதான் அதைப் பிடிக்க வேண்டும். இங்கேதான் காற்று வருகிறது.

அரிச்சல்முனையில் நாய் ஓடிவிட்டால் எல்லாரும் செய்வது என்ன? காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி, பெயரைக் கத்திக்கொண்டே சாலையில் மேலும் கீழும் ஓட்டுவார்கள். காருக்குள் இருப்பவரின் வாசனை தரையில் தடமாகப் பதிவதில்லை. குரலாவது போகிறதா என்றால் அதுவும் பாதிதான். தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு, மேலே போகப்போக அதிகம். அதனால் காற்று போகும் பக்கம் செல்லும் ஒலி கீழ்நோக்கி வளைந்து தரையை ஒட்டியே வெகுதூரம் போகிறது. காற்று வரும் பக்கம் நோக்கிக் கத்தினால் ஒலி மேல்நோக்கி வளைந்து, அங்கே நிற்பவர் தலைக்கு மேலே போய்விடுகிறது. நூறு இருநூறு மீட்டரிலேயே காதுக்கு எட்டாத ஒரு நிழல் விழுந்துவிடும். எதிர்க்காற்றில் கரையிலிருந்து வள்ளத்தைக் கூப்பிட்டுப் பார்த்த எந்த மீனவருக்கும் இது தெரியும். வாசனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது காற்று போகும் பக்கம் மட்டும்தான் போகும்.

அப்படியென்றால் நாய்க்கும் உங்களுக்கும் நடுவே காற்று உங்கள் பக்கத்திலிருந்து வீச வேண்டும். மற்ற ஊர்களில் இதைக் கணக்கிடுவது சிரமம்; நாய் எந்தப் பக்கம் போனது என்றே தெரியாது. தனுஷ்கோடியில் பூமியே பாதிக் கணக்கைப் போட்டு வைத்திருக்கிறது. அந்த மணல் நாக்கு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீள்கிறது. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மீனவர்கள் ஆண்கடல் என்பது. மறுபக்கம் பாக் நீரிணையின் பெண்கடல். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. அதாவது ஆண்கடலிலிருந்து பெண்கடலுக்கு, மணல் நாக்கைக் குறுக்கே கடந்து. ஐப்பசிக்குப் பிறகு வாடை வடகிழக்கிலிருந்து எதிர்த்திசையில் கடக்கிறது. கச்சான் காலத்தில் ஆண்கடல் கரையில் போய் நின்றால், உங்கள் வாசனை காற்றோடு விரிந்து பெண்கடல் வரை ஒரு திரையாகக் குறுக்கே விழும். நாக்கின் நீளவாட்டில் எந்தப் பக்கமிருந்து நாய் வந்தாலும் அந்தத் திரையைக் கடக்காமல் போக முடியாது. வாடைக் காலத்தில் பெண்கடல் கரைக்கு மாறிக்கொள்ள வேண்டும். சாலையின் நடுவே நிற்பதைவிடக் காற்று வரும் கரையில் நிற்பது நல்லது. திரை அப்போதுதான் முழு அகலத்தையும் மூடும்.

காற்றில் வரும் வாசனை கோடு போட்டதுபோல வராது. திட்டுத்திட்டாகக் கிழிந்து வரும். நாய் ஒரு திட்டைப் பிடித்ததும் காற்றை எதிர்த்து ஓடும், விட்டுப்போனால் இடமும் வலமுமாக அலைந்து அடுத்த திட்டைத் தேடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது கிறுக்குப் பிடித்து அலைவதுபோலத் தோன்றும். உண்மையில் உங்களை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ‘இதோ இருக்கு’ என்று நான்கு பேர் அதை நோக்கி ஓடினால் வேலை கெட்டது. மிரண்ட நாய் தன் எஜமானையே சில சமயம் அடையாளம் காணாமல் ஓடும். தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல், தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தால் அதுவாக வரும்.

நேரமும் முக்கியம். உச்சிவெயிலில் காய்ந்த மணல் தன் மேலிருக்கும் காற்றைச் சூடாக்கி மேலே அனுப்பிவிடுகிறது. வாசனையும் கூடவே போய்விடும். பொழுது சாய்ந்து மணல் குளிர்ந்ததும் காற்று தரையோடு படிகிறது. ஈரம் கூடும்போது மணலில் பதிந்த வாசனை மறுபடி எழும்புகிறது. ஆகவே மாலையில் இருட்டுவதற்குள்ளும் விடியற்காலையிலும் காத்திருப்பது, நடுப்பகலில் ஓடித் தேடுவதைவிடப் பலன் தரும். நடுப்பகலில் நாயும் ஓடாது. உள்ளங்கால் தவிர அதற்கு வியர்க்காது; நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். ஏதாவது உடைமர நிழலிலோ படகின் அடியிலோ ஒடுங்கிக் கிடக்கும். தாகத்தில் கடல்நீரைக் குடித்துவிட்டால் ஆபத்து: உப்பு ஏறி, வாந்தி பேதியில் தொடங்கி வலிப்பு வரை போகும். தனுஷ்கோடிக்காரர்கள் மணலைக் கொஞ்சம் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பது ஊரறிந்த விஷயம். அந்த ஊற்றுகளையும் குடிசைகளையும் நாயும் மூக்கால் கண்டுபிடிக்கும். தேடுகிறவர் முதலில் விசாரிக்க வேண்டிய இடங்கள் அவை. ஆனால் அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் நாய்கள் புதியவரை வரவேற்காது, துரத்தும். கிடைத்த நாயின் உடம்பில் கடிக்காயம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் போட்ட தடுப்பூசியை நம்பிச் சும்மா இருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநாய்க்கடி விஷயத்தில் சோம்பல் கூடாது.

தீவைத் தாண்டி உள்ளே வந்தால், இராமநாதபுரத்துக் கண்மாய்க் கரைகளில் நாய் தொலைவது வேறு மாதிரி. மணல் நாக்கு கிடையாது. எட்டுத் திசையும் சீமைக்கருவேலம். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாய்கள் மூக்கைவிடக் கண்ணை நம்பி ஓடுபவை. நீண்ட மண்டையுள்ள நாய்களின் விழித்திரையில் பார்வை நரம்புகள் கிடைமட்டப் பட்டையாகச் செறிந்திருப்பதால் தொடுவானம் முழுக்க அசைவதெல்லாம் அவற்றுக்குத் தெரியும். முயல் ஒன்று குதித்தால் போதும், சில நொடியில் கண்ணுக்கெட்டாத தூரம். முயல் வேட்டை சட்டப்படி குற்றம் என்பது நாய்க்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கருவேலங்காட்டுக்குள் போனதும் கண்ணுக்கு வேலை போய்விடும். அப்போதுதான் மோப்பத்துக்குத் திரும்பும். செக் நாட்டுக் கணக்குப்படி பார்த்தால் பெரும்பாலும் போன தடத்திலேயே வரும். ஆகவே அது உங்களைவிட்டுப் பிரிந்த புள்ளியில் ஒருவர் அசையாமல் நிற்க வேண்டும். எல்லாரும் காட்டுக்குள் புகுந்து தடத்தைக் குழப்பினால், அது வந்து பார்த்துவிட்டு ஆளைக் காணாமல் மறுபடி போய்விடும். இருட்டிவிட்டால் நீங்கள் போட்டிருந்த சட்டையையோ துண்டையோ அந்த இடத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டு விடியலில் வந்து பாருங்கள். ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது இன்னும் நல்லது. இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் அவர்கள். புது நாய் வந்தால் அவர்களுடைய நாய்களே முதலில் சொல்லிவிடும்.

அமெரிக்காவில் 1,015 குடும்பங்களைக் கேட்டு 2012இல் வெளியான ஓர் ஆய்வின்படி, தொலைந்த நாய்களில் 93 சதவீதம் திரும்பக் கிடைத்தன. அவற்றில் ஏறக்குறையப் பாதி அக்கம்பக்கத்தில் தேடியதால் கிடைத்தவை. ஐந்தில் ஒன்று தானாக வந்தது. கழுத்துப் பட்டையாலோ மைக்ரோசிப்பாலோ கிடைத்தது 15 சதவீதம். இந்தக் கணக்கை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது; அங்கே தெருநாய் என்ற பேச்சே குறைவு. இங்கே பட்டை இல்லாத நாட்டு நாயைப் பார்த்தால் யாரும் இன்னொரு முறை திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மைக்ரோசிப் பற்றியும் ஒரு தப்பெண்ணம் பரவியிருக்கிறது. அரிசி அளவு இருக்கும் அந்தச் சிப்பில் 15 இலக்க எண் மட்டும்தான் உண்டு. பேட்டரி கிடையாது. கருவியை உடம்போடு ஒட்டிப் பிடித்தால்தான் எண்ணைச் சொல்லும், நாய் எங்கே இருக்கிறது என்று சொல்லாது. அந்தக் கருவி தனுஷ்கோடி மீனவக் குடிசையில் இருக்காது, கைபேசி இருக்கும்.

எனவே அரிச்சல்முனைக்கு நாயோடு கிளம்பும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். நீளமான கயிறு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கார்க்கதவைத் திறக்கும் முன் கயிற்றை மாட்டுங்கள். நாயின் கழுத்துப் பட்டையில் உங்கள் பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை அழியாத மையால், தமிழ் படிக்கத் தெரிந்த யாரும் புரிந்துகொள்ளும்படி ‘கூப்பிடவும்’ என்ற சொல்லோடு எழுதி வையுங்கள்.